தேர்தல் செய்தியை அளந்து படிப்பது எப்படி: ஒரு நோட்டு, ஒரு ஸ்கேல், ஏழு நாள்

எங்கள் தெரு டீக்கடைக்கு ஒரு பெரியவர் வருவார். தேர்தல் அறிவித்துவிட்டால் போதும், திமுகவின் முரசொலியையும் அன்று அதிமுக நாளிதழாக இருந்த நமது எம்.ஜி.ஆரையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் படிப்பார். "ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா நிஜம் வந்துரும் தம்பி" என்பார். ரொம்ப நாள் நானும் அதை நம்பினேன். அப்புறம்தான் உறைத்தது: இரண்டு பேப்பரும் எழுதாமல் விட்ட செய்தி எத்தனையால் வகுத்தாலும் வராதே.

அவர் முறைக்குப் பதிலாக நான் பழகிய முறை இது. பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. நாற்பது பக்க நோட்டு, முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல், செல்போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச், நாளுக்கு ஒரு மணி நேரம். இரண்டு நாளிதழ், இரண்டு செய்திச் சேனல் தேர்ந்தெடுங்கள். ஒன்று உங்களுக்குப் பிடித்ததாக இருக்கட்டும், இன்னொன்று பார்த்தாலே எரிச்சல் வருவதாக இருக்கட்டும்.

தொடங்குமுன் ஒரு விஷயம். நாம் தேடுவது பொய்யை அல்ல. பொய்யைப் பிடிப்பது ஒருவகையில் சுலபம். சாய்வு இருக்கும் செய்தியில் ஒவ்வொரு வரியும் உண்மையாகவே இருக்கலாம். 2001 ஜூன் 30 அதிகாலை கருணாநிதி கைது செய்யப்பட்டதை நினைத்துப் பாருங்கள். போலீஸ் அவரை இழுத்துச் செல்லும் காட்சியைத் திமுக பக்கத்துச் சன் டிவி நாள் முழுக்கத் திரும்பத் திரும்பக் காட்டியது. அதிமுக பக்கத்து ஜெயா டிவி அதே இரவின் வேறு துண்டைக் காட்டியது. அதில் மத்திய அமைச்சர்களாக இருந்த முரசொலி மாறனும் டி.ஆர். பாலுவும் போலீஸாரோடு மல்லுக்கட்டினார்கள். இரண்டும் நடந்தவைதான். எங்கே வெட்டி எங்கே ஒட்டினார்கள் என்பதில்தான் சாய்வு இருந்தது.

படி 1: முதலாளி யார் என்று எழுதுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில், நீங்கள் தேர்ந்தெடுத்த நான்கின் உரிமையாளர் பெயரையும் அவருடைய மற்ற தொழில்களையும் எழுதுங்கள். தமிழ்நாட்டில் இது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்த கதை. முரசொலி மாறனின் மகன் கலாநிதி மாறன் 1993-ல் சன் டிவி தொடங்கினார். 1999-ல் ஜெயா டிவி வந்தது. பாமகவுக்கு மக்கள், தேமுதிகவுக்கு கேப்டன், காங்கிரஸின் வசந்தகுமாருக்கு வசந்த் டிவி. கட்சிக்குக் கொடி இருப்பதுபோல் சேனலும் இருந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது.

ஆனால் அந்தப் பட்டியலை ஒருமுறை மனப்பாடம் செய்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது, ஏனென்றால் அது மாறிக்கொண்டே இருக்கிறது. 2007 மே மாதம் மாறன் குடும்பத்தின் தினகரன் நாளிதழ் வெளியிட்ட ஒரு கருத்துக் கணிப்பு திமுகவின் அடுத்த வாரிசு யார் என்ற கேள்வியைக் கிளப்பியது. அதையொட்டி மதுரை அலுவலகம் தாக்கப்பட்டு மூன்று ஊழியர்கள் உயிரிழந்தார்கள். கருணாநிதி குடும்பமும் மாறன் குடும்பமும் பிரிந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் கலைஞர் டிவி வந்தது. பிறகு குடும்பம் சேர்ந்தது, ஆனால் சேனல் இரண்டாகவே நின்றது. அதிமுக பக்கத்துக் கதை இன்னும் விசித்திரம். ஜெயலலிதா மறைவுக்குப் பின் கட்சி உடைந்தபோது ஜெயா டிவியும் நமது எம்.ஜி.ஆரும் சசிகலா குடும்பத்தின் பக்கமே தங்கிவிட்டன. ஆட்சியில் இருந்தவர்கள் 2018-ல் நமது அம்மா என்று நாளிதழும் நியூஸ் ஜெ என்று சேனலும் புதிதாகத் தொடங்கவேண்டி வந்தது. "ஜெயா டிவி என்றால் அதிமுக" என்று பழைய கணக்கிலேயே பார்த்தவர்கள் அந்த இரண்டு வருடம் குழம்பித்தான் போயிருப்பார்கள்.

கட்சிச் சேனலைவிட எனக்குச் சந்தேகம் அதிகம் வருவது 'நடுநிலை' என்று தானே சொல்லிக்கொள்ளும் சேனல் மீதுதான். முரசொலி படிப்பவருக்கு அது கட்சிப் பத்திரிகை என்று தெரியும், அதற்கேற்பக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொண்டுதான் படிப்பார். மற்றதில் அந்த எச்சரிக்கை இருக்காது. புதிய தலைமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். அது 2011-ல் தொடங்கிய, எஸ்.ஆர்.எம். கல்விக் குழுமத்தைச் சேர்ந்த சேனல். குழுமத்தின் நிறுவனர் பாரிவேந்தர் இந்திய ஜனநாயகக் கட்சியின் நிறுவனரும்கூட. 2019-ல் திமுக கூட்டணியில் உதயசூரியன் சின்னத்தில் பெரம்பலூரில் வென்றார், 2024-ல் அதே தொகுதியில் பாஜக கூட்டணியில் நின்றார். சேனலின் செய்தி அதற்கேற்ப ஆடியதா ஆடவில்லையா என்று நான் சொல்லப்போவதில்லை. அளந்து பார்க்கவேண்டிய கேள்வி அது.

இரண்டு சிறு குறிப்புகளையும் சேருங்கள். ஒன்று, வருமானம். அரசு விளம்பரத்தை நம்பியிருக்கும் நாளிதழ், ஆளுங்கட்சி எதுவானாலும் அதனிடம் கொஞ்சம் பணிவாகவே இருக்கும். இன்னொன்று, கேபிள். ஒரு காலத்தில் சன் குழுமத்தின் சுமங்கலி கேபிள், பிறகு அரசு கேபிள் என்று, எந்தச் சேனல் எத்தனையாவது எண்ணில் வரும் என்பதே இங்கு அரசியலாக இருந்திருக்கிறது. கண்ணுக்கே வராத சேனல் என்ன நடுநிலையாக இருந்து என்ன பயன்?

படி 2: ஸ்கேலை எடுங்கள்

பத்திரிகைகள் விளம்பரத்தைச் சதுர சென்டிமீட்டர் கணக்கில்தான் விற்கின்றன. நாமும் அதே அளவுகோலைப் பயன்படுத்துவோம். ஒவ்வொரு தேர்தல் செய்திக்கும் நீளம், அகலம் அளந்து பெருக்குங்கள். தலைப்பையும் படத்தையும் சேர்த்தே அளக்கவேண்டும். நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: கட்சி, பக்கம், அளவு, படம் உண்டா, சாதகமா பாதகமா பொதுவா.

எல்லாச் சென்டிமீட்டரும் ஒரே விலை இல்லை. முதல் பக்க மேல் பாதிக்கு நான் மூன்றால் பெருக்குவேன், கீழ் பாதிக்கு இரண்டால், உள்பக்கத்துக்கு ஒன்று. இது என் சொந்த ஏற்பாடு, உங்களுக்கு வேறு எடை சரியென்று பட்டால் வைத்துக்கொள்ளுங்கள். ஏழு நாளும் அதையே வைத்திருந்தால் போதும்.

இங்கே பெரும்பாலோர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. மொத்தம் போட்டுப் பார்த்து, "ஆளுங்கட்சிக்கு இரண்டு மடங்கு இடம், ஒருதலைப்பட்சம்!" என்று குதிப்பார்கள். அவசரப்படாதீர்கள். முதலமைச்சர் பேசினால் அது செய்தி, சுயேச்சை வேட்பாளர் பேசினால் எப்போதும் செய்தி ஆகாது. சமமாகப் பங்கு வைப்பதும் நியாயமாகப் பங்கு வைப்பதும் ஒன்றல்ல. தூர்தர்ஷனும் வானொலியும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குத் தேர்தல் நேரத்தில் இலவச நேரம் தருகின்றனவே, அதில் எல்லோருக்கும் ஒரு அடிப்படை நேரம், அதற்கு மேல் முந்தைய தேர்தலில் வாங்கிய வாக்குக்கு ஏற்பக் கூடுதல் நேரம். ஒப்பிட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. அதன்படி பார்த்தால் சிறிய கட்சிகளின் புகாரையும் கணக்காகவே பார்க்கலாம். நாம் தமிழர் கட்சி 2021-ல் 234 தொகுதிகளிலும் தனித்து நின்று சுமார் 6.6 சதவீதம், 2024-ல் 8 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கியது. உங்கள் நோட்டில் அந்தக் கட்சிக்கு வந்த இடம் எவ்வளவு? அரை சதவீதம் என்றால் கேள்வி கேட்கலாம். பதினைந்து என்றாலும் கேட்கலாம்.

தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்தபின் அரசு நிகழ்ச்சி என்ற பெயரில் வரும் செய்தியைத் தனிக் கட்டத்தில் போடுங்கள். பிரசாரத்தோடு சேர்க்காதீர்கள், விட்டும் விடாதீர்கள்.

படி 3: வினைச்சொல்லைச் சுழியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. சிவப்புப் பேனாவை எடுத்துத் தலைப்புகளில் உள்ள வினைச்சொல்லை மட்டும் வட்டமிடுங்கள். ஒரே பேட்டி. ஒரு பேப்பரில் தலைவர் 'விளக்கினார்', இன்னொன்றில் 'சமாளித்தார்', மூன்றாவதில் 'மழுப்பினார்'. ஒருவர் 'கேள்வி எழுப்பினார்', மற்றவர் 'கொந்தளித்தார்'. 'சரமாரிக் கேள்வி', 'பதிலடி', 'திணறல்', 'பாய்ச்சல்' எல்லாம் எந்தக் கட்சிக்காரருக்குப் போகின்றன என்று ஒரு வாரம் எண்ணினால் போதும், பத்திரிகையின் மனசு தெரிந்துவிடும்.

அடுத்து பெயர். தமிழில் இதைப்போல் காட்டிக்கொடுப்பது வேறில்லை. ஒரே ஆள் ஓரிடத்தில் எடப்பாடியார், இன்னோரிடத்தில் எடப்பாடி பழனிசாமி, மற்றோரிடத்தில் வெறும் பழனிசாமி. முதல்வர், ஸ்டாலின், தளபதி என்று அந்தப் பக்கமும் அப்படியே. 'விடியா அரசு' என்று காதில் விழுந்தால் எந்தச் சேனலில் இருக்கிறோம் என்று டிவியைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். திமுக ஆட்சிக்கு வந்த 2021 மே மாதத்துக்குப் பிறகு இன்னொரு அடையாளமும் கிடைத்தது: 'ஒன்றிய அரசு' எழுதுகிறார்களா, 'மத்திய அரசு' எழுதுகிறார்களா? இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். சில ஆசிரியர் குழுக்கள் பழக்கத்தால்தான் ஒன்றை வைத்திருக்கும். ஆனால் ஒரே பேப்பர் டெல்லியைப் புகழும்போது ஒன்றும் திட்டும்போது மற்றொன்றும் எழுதினால், குறித்து வையுங்கள்.

மூன்றாவது, எழுவாய் காணாமல் போவது. நம் மொழியில் செய்தவரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம், அது ஒரு வசதி. 'போலீஸ் தடியடி நடத்தியது' என்பதற்கும் 'தடியடி நடந்தது' என்பதற்கும் நடுவில் ஒரு துறையே மறைந்துவிடுகிறது. 'பணம் பட்டுவாடா நடந்ததாகக் கூறப்படுகிறது' என்றால், கூறியது யார்? ஒரு கட்சிக்காரர் சிக்கினால் கட்சிப் பெயர் தலைப்பிலும், இன்னொரு கட்சிக்காரர் சிக்கினால் 'அரசியல் பிரமுகர்' என்றும் வருகிறதா பாருங்கள்.

சந்தேகம் வந்தால் பெயரை மாற்றிப் போட்டுப் படியுங்கள். ஸ்டாலின் இருக்கும் இடத்தில் பழனிசாமி, அவர் இருக்கும் இடத்தில் அண்ணாமலை. அதே தலைப்பை அந்தப் பத்திரிகை போட்டிருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: கூட்டப் படம்

இதில் சொல்ல அதிகம் இல்லை. கேமராவை மேடைப் பக்கமிருந்து கிட்டத்தில் வைத்தால் ஐந்நூறு பேரும் கடல்தான், உயரத்தில் இருந்து பார்த்தால் ஐயாயிரம் பேரும் மைதானத்தின் மூலைதான். பெரிய கூட்டங்களில் கட்சியே கேமரா வைத்து, காட்சியைச் சேனல்களுக்கு அனுப்பிவிடும் வழக்கமும் உண்டு. எல்லாச் சேனலிலும் ஒரே கோணம் வந்தால் அது யார் கண் என்று யோசியுங்கள். காலி நாற்காலி எந்தக் கட்சிக் கூட்டத்தில் மட்டும் படமாகிறது என்பதையும்.

படி 5: விவாத நிகழ்ச்சியில் ஸ்டாப்வாட்ச்

இரவு எட்டு மணி விவாதம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரும் பேசிய நேரம், நெறியாளர் குறுக்கிட்ட எண்ணிக்கை, இந்த இரண்டும் போதும். ஐந்து நாற்காலியில் கட்சிக்கு ஒருவர் என்று சமமாகத் தெரியும். 'அரசியல் விமர்சகர்', 'மூத்த பத்திரிகையாளர்' என்ற பட்டையோடு உட்கார்ந்திருப்பவர் எந்தப் பக்கம் பேசுகிறார் என்று இருபது நிமிடம் கேட்டுவிட்டு, அவரை அந்தப் பக்கக் கணக்கில் எழுதுங்கள். அப்போது மூன்றுக்கு இரண்டு என்று நினைத்தது நான்குக்கு ஒன்றாக மாறலாம்.

தலைப்பையும் எழுதி வையுங்கள். "கூட்டணியில் விரிசலா?" என்று கேள்விக்குறியோடு திரையின் கீழ் ஒரு மணி நேரம் ஓடினால், விவாதத்தின் முடிவு எதுவாக இருந்தாலும், சத்தத்தை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டு பார்த்தவருக்கு விரிசல்தான் மனதில் நிற்கும். கேள்விக்குறி அவருக்குத் தெரியாது.

படி 6: கருத்துக் கணிப்புக்கு ஆறு கேள்வி

யார் காசு கொடுத்தார்கள்? எத்தனை பேரைக் கேட்டார்கள்? எந்தத் தேதிகளில்? எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? நேரிலா போனிலா? வாக்கு சதவீதத்தைத் தொகுதியாக மாற்றியது எப்படி? இந்த ஆறில் நான்குக்காவது பதில் இல்லையென்றால் அதை நோட்டில் கணிப்பு என்று எழுதாதீர்கள், விளம்பரம் என்று எழுதுங்கள்.

கணக்கு எளிது. முறையாகத் தேர்ந்தெடுத்த 2,000 பேரைக் கேட்டால்கூட, முடிவு சுமார் இரண்டு சதவீதம் மேலோ கீழோ போகலாம். அந்த 2,000 பேரை 234 தொகுதிக்குப் பிரித்தால் தொகுதிக்கு எட்டு, ஒன்பது பேர். அதை வைத்துக்கொண்டு 'தொகுதிவாரியாக யார் முந்துகிறார்' என்று படம் போட்டால் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பலாம்.

2016 இதற்கு நல்ல பாடம். வாக்குப்பதிவு முடிந்த மாலை வந்த கணிப்புகளில் பெரும்பாலானவை திமுக கூட்டணி ஆட்சிக்கு வரும் என்றன. வாக்குப்பதிவு நடந்த 232 தொகுதிகளில் அதிமுக 134 பிடித்தது. இரு தரப்புக்கும் வாக்கில் இருந்த வித்தியாசம் சுமார் ஒரு சதவீதம்தான். அதாவது கணிப்பின் பிழை எல்லைக்குள்ளேயே ஆட்சி உட்கார்ந்திருந்தது. கணித்தவர்கள் எல்லோரும் விலைபோனார்கள் என்று சொல்வது அநியாயம். ஆனால் 'சொல்ல முடியாத அளவுக்கு நெருக்கம்' என்று திரையில் போட்டால் யார் பார்ப்பார்கள்? அதனால் உறுதியாக ஒரு எண்ணைப் போட்டார்கள். சேனல் சாய்வது எப்போதும் கட்சிப் பக்கம்தான் என்றில்லை, பரபரப்பின் பக்கமும் சாயும்.

இதற்கு விலையும் உண்டு. 2024 மக்களவைத் தேர்தலில் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் என்று கணிப்புகள் சொன்னதும், ஜூன் 3 அன்று பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2,500 புள்ளி ஏறியது. மறுநாள் 293 என்று முடிவு வந்தபோது 4,300 புள்ளிக்கு மேல் விழுந்தது.

படி 7: காசு கொடுத்து வந்த செய்தி

பெய்டு நியூஸ் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்கச் சில தடயங்கள் உண்டு. ஒரே கட்டுரை வரி மாறாமல் இரண்டு பேப்பரில் வரும். ஒரு பக்கத்தின் மேலே ஒரு வேட்பாளர் 'அமோக வெற்றி பெறுவது உறுதி' என்றும், கீழே அதே தொகுதியின் எதிர் வேட்பாளர் 'வெற்றி நிச்சயம்' என்றும் இருக்கும். இரண்டு பேரும் எப்படி ஜெயிப்பார்கள்? இரண்டு பேரும் கட்டியிருந்தால் ஜெயிப்பார்கள். வேட்பாளரின் குறை ஒன்றுகூட இருக்காது. எழுத்துரு மற்றச் செய்திகளில் இருந்து கொஞ்சம் மாறியிருக்கும்.

மகாராஷ்டிரத்தில் 2009 சட்டமன்றத் தேர்தலின்போது போட்டி நாளிதழ்களில் ஒரே புகழ்ச்சிக் கட்டுரைகள் அச்சுப் பிசகாமல் வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் வெளியே கொண்டுவந்தார். இந்தியப் பத்திரிகை கவுன்சில் பரஞ்சய் குஹா தாகுர்தா, கே. சீனிவாஸ் ரெட்டி இருவரையும் கொண்டு விசாரித்தது. நாளிதழ்களின் பெயரோடு அவர்கள் எழுதிய முழு அறிக்கையை 2010-ல் கவுன்சிலே வெளியிடத் தயங்கி, சுருக்கி வெளியிட்டது. பத்திரிகைத் துறை தன்னைப் பற்றிய செய்தியை எப்படிக் கையாளும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

விளம்பரம் என்று ஒத்துக்கொண்டே செய்திபோல் வேஷம் போடுவது இன்னொரு வகை. 2021 ஏப்ரல் 4, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, தமிழ்நாட்டின் பல நாளிதழ்களின் முகப்பை மூடிக்கொண்டு அதிமுகவின் நான்கு பக்க விளம்பரம் வந்தது. தலைப்பு, பத்தி, படம் எல்லாம் செய்திப் பக்கம் போலவே, உள்ளே திமுக ஆட்சிக்காலத்து நில அபகரிப்புப் புகார்கள். திமுக தேர்தல் ஆணையத்திடம் போனது. வாக்குப்பதிவு நாளும் அதற்கு முந்தைய நாளும் வரும் அச்சு விளம்பரங்களுக்குத்தான் முன்சான்று கட்டாயம், அதாவது 5, 6 தேதிகள். விளம்பரம் வந்த தேதியைப் பாருங்கள்.

படி 8: கடைசி 48 மணி நேரம்

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-வது பிரிவு, வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் டிவி முதலியவற்றில் தேர்தல் பிரசாரத்தைத் தடுக்கிறது. 126ஏ பிரிவு, முதல் கட்டம் தொடங்கியதில் இருந்து கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் வரை வாக்குக்குப் பிந்தைய கணிப்பைத் தடுக்கிறது. சட்டத்தில் இருக்கும் இந்த அமைதி நாட்களில்தான் பெரிய சத்தம் வரும். 2017 டிசம்பர் 20, ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்கு முதல் நாள், ஜெயலலிதா மருத்துவமனைக் கட்டிலில் அமர்ந்திருக்கும் வீடியோவை டி.டி.வி. தினகரனின் ஆதரவாளர் வெற்றிவேல் வெளியிட்டார். சேனல்கள் ஓட்டித் தள்ளின. நிறுத்துங்கள் என்று ஆணையம் சொல்வதற்குள் ஊரே பார்த்துவிட்டது. அந்த நாட்களில் 'சற்றுமுன்' என்று வருவதை எல்லாம் நேரத்தோடு குறியுங்கள். செய்தி எப்போது நடந்தது, எப்போது வெளிவந்தது என்று இரண்டு நேரமும் வேண்டும்.

படி 9: நோட்டை எதிர்க்கட்சிக்காரரிடம் கொடுங்கள்

ஏழு நாள் முடிந்ததும், உங்களுக்கு நேர் எதிராக ஓட்டுப் போடும் ஒருவரிடம், மச்சானோ ஆபீஸ் நண்பரோ, அதே பேப்பர்களைக் கொடுத்து 'சாதகமா பாதகமா' கட்டத்தை மட்டும் அவரையும் நிரப்பச் சொல்லுங்கள். 1985-ல் ஸ்டான்ஃபோர்டில் வலோன், ராஸ், லெப்பர் என்ற மூன்று ஆய்வாளர்கள் பெய்ரூட் படுகொலை பற்றிய ஒரே டிவி செய்தித் தொகுப்பை இஸ்ரேல் ஆதரவு, அரபு ஆதரவு என இரு தரப்பு மாணவர்களுக்கும் காட்டினார்கள். இரு தரப்பும் 'இது நமக்கு எதிரானது' என்றே சொன்னது. நீங்களும் நானும் அந்த மாணவர்கள்தான். அளவு, நேரம் இரண்டிலும் சண்டை வராது, சாதகம் பாதகத்தில் வரும். இருவரும் ஒரே மாதிரி குறித்த செய்திகளைத் தனியே எடுத்து வையுங்கள்.

படி 10: புகார்

அந்தத் தனியே எடுத்தவற்றில் வலுவான ஒன்றிரண்டை அனுப்பலாம். நாளிதழ் என்றால் முதலில் ஆசிரியருக்கு எழுதவேண்டும், பதில் சரியில்லை என்றால் பத்திரிகை கவுன்சிலுக்கு. நாளிதழ், வாரஇதழ்களுக்கு வெளிவந்த இரண்டு மாதத்துக்குள் போகவேண்டும். கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அதற்கு மேல் பல் இல்லை. காசு வாங்கிப் போட்டது என்று தோன்றினால் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் இருக்கும் ஊடகச் சான்றிதழ் மற்றும் கண்காணிப்புக் குழுவுக்கு அனுப்புங்கள். தேதி, பக்க எண், அதே கட்டுரை வந்த மற்றப் பேப்பரின் நகல் மூன்றும் இருக்கட்டும். ஏற்றுக்கொண்டால் அந்த இடத்தின் விளம்பர விலை வேட்பாளரின் செலவுக் கணக்கில் ஏறும். சட்டமன்ற வேட்பாளருக்கு 2022-ல் வைத்த உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். வேட்பாளருக்கு உண்மையில் வலிப்பது இதுதான். உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவ் 2007 தேர்தலில் இப்படி வந்த செய்தியைச் செலவில் காட்டாததற்காக 2011-ல் மூன்று வருடம் தகுதி இழந்தார், நாட்டிலேயே முதல் ஆளாக. தோற்ற வேட்பாளர் அந்தப் பேப்பர்களை எடுத்துவைத்துப் புகார் கொடுத்ததில் தொடங்கிய வழக்கு அது.